மலிவு பேரங்காடியில் பார்த்து வாங்குவது எப்படி?

சிங்கப்பூரில் ஷெங் சியோங் பேரங்காடியோ ஃபேர்பிரைஸோ, பெரிய விலை அட்டையைப் பார்த்ததும் கையை நீட்டாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் 100 கிராமுக்கு என்ன விலை என்று போட்டிருந்தால் அதைப் பாருங்கள், இல்லையென்றால் கைப்பேசியில் வகுத்துப் பாருங்கள். 1 கிலோ துவரம்பருப்பு 4 வெள்ளி (டாலர்), அரைக் கிலோ 1.80 வெள்ளி என்றால் சின்னதில் இரண்டு எடுத்தால் 40 காசு மிச்சம். பெரிய பை என்றாலே மலிவு என்று யார் சொன்னது?

எண்ணெய், சீனி, டிஷ்யூ போன்றவற்றில் கடையின் சொந்த முத்திரையே போதும். மிளகாய்த்தூள், புழுங்கலரிசிக்கு மட்டும் நான் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம்தான் போவேன், அதில் சமரசம் கிடையாது.

‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ தயிரா? காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டு, அதற்குள் வீட்டில் தீருமா என்று யோசித்து எடுங்கள்.

அப்புறம், அரசாங்கம் குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டில் பேரங்காடிக்கென்று தனிப் பங்கு உண்டு, அதை அரிசி, எண்ணெய் மாதிரி கனமான செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்; உணவங்காடிக்கும் அக்கம்பக்கக் கடைக்கும் உள்ள பங்கு இங்கே செல்லாது. வீட்டில் 60 வயதைத் தாண்டியவர் இருந்தால் ஃபேர்பிரைஸுக்குச் செவ்வாய்க்கிழமை அவரையும் கூட்டிப் போங்கள், மூத்தோர் தள்ளுபடி கிடைக்கும்.