ஆற்றங்கரை பப்: காரை மட்டும் கரையில் விடாதீர்கள்

கோடை வந்தால் போதும், இங்கிலாந்துக்குப் புதிதாகக் குடிவந்த நண்பர்கள் "ஆற்றங்கரையில் நல்ல பழைய பப் எது?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பெயரைச் சொல்லி அனுப்புவேன். திங்கட்கிழமை புலம்பலோடு வருவார்கள், வருடா வருடம் அதே புலம்பல். பாருக்குப் போய் நாமே ஆர்டர் சொல்ல வேண்டியிருக்க, மேசையில் உட்கார்ந்துகொண்டு ஆள் வருவார் என்று காத்திருப்பதெல்லாம் முதல் நாளே சரியாகிவிடும், அதை விட்டுவிடுகிறேன்.

கதவு திறந்திருந்தால் அடுப்பும் எரியும் என்று நம்புவது

பப் மதியம் 12 மணியிலிருந்து இரவு 11 மணி வரை திறந்திருக்கலாம். ஆனால் கிராமத்துப் பப்புகள் பலவற்றில் இரண்டரை, மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிட்டு ஆறு மணிக்குத்தான் மறுபடி பற்றவைப்பார்கள். ஞாயிறன்று மதியம் பெரும்பாலும் ரோஸ்ட், அதாவது அடுப்பில் வாட்டிய இறைச்சிச் சாப்பாடு மட்டும்தான். சமைத்தது தீர்ந்தால் தீர்ந்ததுதான். அன்று மாலை சமையலே இல்லாத இடங்களும் உண்டு. பக்கத்தில் வேறு கடையும் இருக்காது. குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு மூன்றரை மணிக்குப் போய் இறங்கினால் சிப்ஸ் பாக்கெட்டும் வேர்க்கடலையும்தான் மதியச் சாப்பாடு. புதன்கிழமையே போன் செய்து மேசை சொல்லிவைத்துவிடுங்கள்.

"பியர் சூடாக இருக்கிறது" என்று திருப்பிக் கொடுப்பது

சூடாக இல்லை. கைப்பம்பை இழுத்து ஊற்றித் தரும் காஸ்க் ஏல் என்ற பியர், பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருந்து இரண்டாம் முறை நொதித்த சரக்கு. தனியாக வாயு ஏற்றுவதில்லை, அதனால் நுரைத்துப் பொங்காது. நிலவறையின் குளிர்ச்சியில், 11 முதல் 13 டிகிரியில் குடிக்க வேண்டியது. இந்த வகை அழிந்துவிடக் கூடாது என்று 1971இல் காம்ரா என்ற இயக்கமே தொடங்கினார்கள். வினிகர் வாடை அடித்தால் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள், பெரும்பாலும் பேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். ஐஸ் மட்டும் கேட்டுவிடாதீர்கள். ஒரு பைண்ட் என்பது 568 மில்லி. பழகாதவர்கள் அரை பைண்டில் ஆரம்பிக்கலாம்.

தரை காய்ந்திருக்கிறதே என்று அங்கே காரை விடுவது

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

தேம்ஸ் நதியில், லண்டனின் மேற்கோரத்து டெடிங்டன் வரை கடலின் ஏற்றமும் வற்றமும் வந்து போகும். அதற்கு மேலே, ஆக்ஸ்ஃபோர்டு பக்கம் இருக்கும் ட்ரவுட் போன்ற பப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. கீழே ரிச்மண்ட், சிஸிக் ஆற்றங்கரைகளிலும், தெற்கே சிச்செஸ்டர் அருகில் பாஸம் கிராமத்துக் கழியோரத்திலும் பப் வாசல் பாதையே தண்ணீருக்குள் போய்விடும் நாட்கள் உண்டு.

எந்த நாட்கள் என்பது நம் வீட்டுத் தினசரிக் காலண்டரிலேயே இருக்கிறது. அமாவாசை, பௌர்ணமி, அதையடுத்த ஓரிரு நாட்கள். அப்போதுதான் ஏற்றம் மிக உயரமாக வரும். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று: ஓர் ஊரில் இந்தப் பெரிய ஏற்றம் எப்போதும் ஏறக்குறைய அதே வேளையில்தான் வரும். பாஸத்தில் அது நண்பகலை ஒட்டி வருகிறது; ரிச்மண்டில் மூன்று மணிக்கு மேல். அதாவது சரியாக நாம் பப்பில் தட்டும் கையுமாக இருக்கும் நேரம்.

நண்பர் ஒருவர் மாமனார், மாமியாரோடு பாஸம் போனார். கட்டண நிறுத்துமிடம் நடக்கிற தூரத்தில்தான் இருந்தது. சில பவுண்டுகளை மிச்சம் பிடிக்கக் கரையோரச் சாலையில் காரை விட்டார். சாப்பாடு மேசைக்கு வந்தபோது தண்ணீர் டயரைத் தொட்டிருந்தது. உள்ளூர்க்காரர்கள் மதில் ஓரமாக கிளாஸோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களுக்கு இது வழக்கமான பொழுதுபோக்கு. மாமியாருக்குச் சொந்த ஊர் நாகப்பட்டினம். "நேத்துதானே பௌர்ணமி, மாப்பிள்ளை?" என்று கேட்டிருக்கிறார். இறங்கும்போது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கார் தப்பியிருக்கும். உப்புத் தண்ணீர் வயரிங்கில் ஏறிவிட்டால் காய வைத்துப் பயனில்லை. காப்பீட்டு நிறுவனம் அதைப் பழுது பார்க்கத் தகாத வண்டி என்று கணக்கை முடித்தது.

கார் போனதைவிட எனக்கு எரிச்சல் மூட்டுவது அவர் இன்றைக்கும் பேசும் நியாயம்: "எச்சரிக்கைப் போர்டு இருந்தது, ஆனால் அப்போது தண்ணீர் இல்லையே!" தண்ணீர் இல்லாத நேரத்தில் பார்க்கத்தானே அந்தப் போர்டை வைத்திருக்கிறார்கள்!

புறப்படும் முன் அந்த ஊரின் ஏற்ற அட்டவணையை இணையத்தில் பாருங்கள். போய் இறங்கியதும் மதிலைப் பாருங்கள். பாசி எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரை தண்ணீர் வரும். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் கட்டண இடம் நிரம்பி வழிய, இலவசக் கரை காலியாகக் கிடந்தால், அது உங்கள் அதிர்ஷ்டம் அல்ல.

சைவம் என்று கேட்காமலே நம்புவது

சில ஏல்களைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள். சில பப்புகளில் தட்டில் வரும் உருளைக்கிழங்குச் சிப்ஸைப் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். பாரில் கேட்டால் மறைக்காமல் சொல்வார்கள்.

ஓட்டுகிறவர் "ஒரே ஒரு பைண்ட்" என்பது

வேண்டாம்.

அன்னத்துக்குச் சிப்ஸ் போடுவது

ஒன்றுக்குப் போட்டால் கூட்டமே மேசைக்கு வரும்.

எல்லா பப்புக்கும் காரில் போகலாம் என்று நினைப்பது

காக்மார்ஷில் உள்ள பவுண்டி பப்புக்குச் சாலையே கிடையாது. போர்ன் எண்ட் ரயில் நிலையத்தில் இறங்கி, ரயில் பாலத்தை ஒட்டிய நடைபாதையில் தேம்ஸைக் கடந்து, கரையோரமாக நடக்க வேண்டும், இல்லாவிட்டால் படகு. மழைக்கு மறுநாள் என்றால் சேறு கணுக்கால் வரை ஏறும், பட்டுப்புடவையும் புதுச் செருப்பும் சரிப்படாது. என்றைக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாலையில் திரும்புவதாக இருந்தால் ஒரு டார்ச்சும் எடுத்துக்கொள்ளுங்கள்.