எம்எக்ஸ்-5 காருக்குள் மழைநீர் தேங்காமல் பார்த்துக்கொள்வது

துணிக்கூரையை மடித்துத் திறக்கும் மாஸ்டா எம்எக்ஸ்-5 காரை வைத்திருப்பவர்களிடமிருந்து இலையுதிர் காலம் வந்தால் எனக்கு வரும் கேள்வி ஒன்றுதான்: சீட்டுக்குப் பின்னால் கார்பெட் ஏன் நனைகிறது? கேட்கும்போதே துணிக்கூரையில் கிழிசல் தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் அங்கே தேட வேண்டாம். பெரும்பாலும் கூரை நன்றாகத்தான் இருக்கும், தண்ணீர் வெளியேறும் வழிதான் அடைபட்டிருக்கும்.

என்னுடையது 1996 மாடல். அதாவது 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறை. லண்டனில், கராஜ் இல்லாமல், தெரு மரத்தடியில் நிற்கிற கார். இதன் கூரைத்துணி பின்பக்கம் காரின் உடம்போடு ஒட்டி முடிவதில்லை, ஓரம் உள்ளே இறங்கிவிடும். மழைநீர் துணியோடு வழிந்து அந்த ஓரத்துக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தடத்தில் விழும். இதை ரெயின் ரெயில் என்பார்கள். ஓட்டு வீட்டின் கூடல்வாய்த் தகரம் செய்கிற வேலையைத்தான் இது செய்கிறது. விழுந்த நீரை இரண்டு பக்கமும் ஒதுக்கி, சீட் பெல்ட் தூணுக்குப் பின்னால் இருக்கும் துளைகளில் விடும். அங்கிருந்து ஆளுக்கொரு குழாய் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காருக்கு அடியில் கொட்டும். ஆக, தண்ணீர் அந்த இடம் வரை வருவது காரின் அமைப்பிலேயே உள்ளது. சிலிகான் பூசி அடைக்கப் பார்ப்பது வீண்வேலை. அடைத்த தண்ணீர் வேறு மூலை தேடிப் போகும்.

இலைத்தூளும் பாசியும் அந்தத் துளையில் படிந்தால் நீர் நிரம்பிக் கார்பெட்டில் வழியும். அது கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் கதவுக்குக் கீழே இருக்கும், 'சில்' (sill) எனப்படும் தகட்டுப் பகுதியில் நடக்கும். திருப்பத்தில் கதவுக்கு அடியிலிருந்து களக் களக் என்று சத்தம் கேட்டால் தண்ணீர் அங்கே தேங்கியிருக்கிறது. பழைய எம்எக்ஸ்-5 கார்களைத் தின்பது இந்தத் துருதான். பின்சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தில் பெயின்ட் உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சீட் பெல்ட்டோ சஸ்பென்ஷனோ பொருத்திய இடத்திலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் தகடு வலுவிழக்கும் அளவுக்குத் துருப்பிடித்தால் எம்.ஓ.டி. (பிரிட்டனில் கார்களுக்கான ஆண்டுத் தகுதிச் சோதனைச் சான்று) கிடைக்காது. வெல்டிங் செலவு சில நேரம் காரின் விலையையே எட்டிவிடும்.

சரி, சோதித்துப் பார்ப்போம். முதல் தலைமுறை என்றால் பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பை முதலில் கழற்றுங்கள். கடும் குளிரில் இதைச் செய்ய வேண்டாம், பிளாஸ்டிக் விறைத்து உடைந்துவிடும். கூரையைப் பாதி பின்னால் சாய்த்து நிறுத்தி, டார்ச் அடித்து பெல்ட் தூணுக்குப் பின்னால் பாருங்கள். ஒரு கோப்பை தண்ணீரை அந்தத் துளையில் மெல்ல ஊற்றி, உடனே குனிந்து காருக்கு அடியில் பாருங்கள். ஓடையாக விழுந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தாலோ எதுவும் வராவிட்டாலோ அடைப்பு. ஒரு பக்கம் சரியாக இருந்தால் மறுபக்கமும் சரி என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

சுத்தம் செய்யும்போது முதலில் கைக்கு வருகிற குப்பையை எடுத்துவிடுங்கள், அல்லது வேக்யூம் கிளீனரால் உறிஞ்சுங்கள். அதையும் உள்ளே தள்ளினால் அடைப்பு இறுகும். பிறகு புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் தடித்த நைலான் கயிற்றை எடுத்து, நுனியை லைட்டரில் காட்டி மழுக்கி, துளையில் விட்டு முறுக்கிக்கொண்டே இறக்குங்கள். மேலிருந்து போகாவிட்டால் கீழ்வாயிலிருந்து ஏற்றிப் பாருங்கள். கம்பி வேண்டாம், கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். குழாய் கிழிந்தாலோ கழன்றாலோ தண்ணீர் நேரே உடம்புக்குள் இறங்கும். அது அடைப்பைவிட மோசம். கடைசியாக வெதுவெதுப்பான நீரை, கீழே தெளிவாக விழும் வரை விடுங்கள். மூன்றாம் தலைமுறைக் காரில் வடிகால் வாயில் சிறிய வடிகட்டி உண்டு. அதை எடுத்துக் கழுவினாலே பாதி வேலை முடிந்தது.

இலை விழத் தொடங்கும்போது ஒருமுறை, விழுந்து முடிந்தபின் ஒருமுறை இதைச் செய்யுங்கள். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இடையிலும் பார்ப்பது நல்லது.

வடிகால் சுத்தமாக இருந்தும் சீட்டுக்குப் பின்னால் ஈரம் நிற்கவில்லை என்றால், ரெயின் ரெயில் விரிசல் விட்டிருக்கும். கூரையைக் கழற்றாமல் அதை மாற்ற முடியாது. கூரைத்துணி பழையதாக இருந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

முழங்காலிலோ தோளிலோ சொட்டினால் அது றப்பர் சீல் சமாச்சாரம். கதவுக் கண்ணாடிக்கும் சீலுக்கும் நடுவில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அங்கே இடைவெளி இருக்கிறது. றப்பரைத் துடைத்துக் காயவைத்து, சிலிகான் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். வாசலின் போன்ற பெட்ரோலியப் பொருள் றப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கார் கழுவும்போது ஜெட் நீரை சீல் பக்கம் நேராகப் பீய்ச்ச வேண்டாம், புத்தம் புதிய சீலும் அதைத் தாங்காது.

ஏற்கெனவே நனைந்துவிட்டதா? கார்பெட்டின் மேல்பக்கம் காய்ந்ததை நம்பாதீர்கள். அடியில் இருக்கும் பஞ்சு வாரக்கணக்கில் ஈரம் பிடித்து வைத்திருக்கும். சீட்டைக் கழற்றி, கார்பெட்டைத் தூக்கி, இரண்டையும் வீட்டுக்குள் கொண்டுபோய்க் காயவையுங்கள். கூரையையும் ஈரத்தோடு மடித்து வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும்.

பூட்டுக்குள், அதாவது காரின் பின்பக்கச் சாமான் அறைக்குள், தண்ணீர் வருவது தனிக்கதை, அதற்கும் கூரைக்கும் சம்பந்தமில்லை. மூடியில் இருக்கும் மூன்றாவது பிரேக் லைட்டின் கேஸ்கெட்டையும் (நீர் புகாமல் தடுக்கும் பட்டை), பின் விளக்குகளின் கேஸ்கெட்டையும் பாருங்கள். முதல் தலைமுறையில் பேட்டரி பூட்டில்தான் இருக்கிறது, அதனால் அங்கே ஈரம் கண்டால் அன்றைக்கே கவனியுங்கள்.