கேட்ட பாட்டை கீபோர்டில் வாசிக்க: முதலில் ஸ-வைப் பிடியுங்கள்

நோட்ஸ் இல்லாமல் ஒரு பாட்டை வாசிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் ஒவ்வொரு கட்டையாகத் தட்டித் தேடுகிறார்கள். அப்படியும் பாட்டு வரும். ஆனால் அடுத்த பாட்டுக்கு மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். பாட்டின் ஸ (ஸ ரி க ம ப த நி என்ற ஏழில் முதல் ஸ்வரம், மற்றவற்றுக்கு ஆதாரம்) எது, மற்ற ஸ்வரங்கள் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்று கேட்கப் பழகினால், ஒரு பாட்டில் உழைத்த உழைப்பு எல்லாப் பாட்டுக்கும் உதவும்.

61 கட்டை உள்ள சாதாரண கீபோர்டு போதும். டிரான்ஸ்போஸ் (எல்லாக் கட்டைகளின் சுருதியையும் மொத்தமாக ஏற்றி இறக்கும் வசதி) 0-வில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது மாறியிருந்தால் அழுத்துவது ஒரு கட்டை, ஒலிப்பது வேறு சுருதி. காது தப்பாகவே பழகிவிடும்.

கட்டையைத் தொடுவதற்கு முன், பல்லவியின் இரண்டு வரியை மட்டும் எடுத்துப் பாடுங்கள். குரல் இனிமையாக இருக்க வேண்டியதில்லை, சுருதி சேர்ந்தால் போதும். வாய்க்கு வராத வரி விரலுக்கும் வராது. எந்தக் கட்டை என்று வண்ணத்தில் காட்டும் வீடியோக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் கண்தான் பழகும்.

இனி ஸ. பாட்டு முழுதாக முடிந்த நிறைவு எந்த ஸ்வரத்தில் வருகிறதோ, பெரும்பாலும் அதுதான் ஸ. அதை முனகிக்கொண்டே கட்டைகளை வரிசையாக அழுத்துங்கள். குரலோடு ஒன்றிப்போகும் கட்டை கிடைத்ததும், அதையும் அதற்கு மேலே ஏழாவது கட்டையையும் (அது ப, கறுப்பு வெள்ளை இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும்) இடது கையால் பிடித்தபடி பாட்டை ஓடவிடுங்கள். சரியான ஸ என்றால் பல்லவி முழுக்கத் தம்புரா போலச் சேர்ந்து நிற்கும். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ப-வையே ஸ என்று நினைத்துவிடுவது. அப்படி நினைத்தால் பல்லவியின் கடைசிச் சொல்லில் பாட்டு முடியாமல் தொங்குவது போலவே இருக்கும்.

அடுத்தது க. ஸ-விலிருந்து நாலாவது கட்டை பொருந்தினால் பாட்டு மேஜர், மூன்றாவது பொருந்தினால் மைனர் (இரண்டும் மேற்கத்திய ஸ்வர வரிசைகள்). சாதாரண மேஜர் நம் சங்கராபரண ராகம்தான்: ஸ-விலிருந்து 2, 2, 1, 2, 2, 2, 1 என்று கட்டைகள் நகரும். மைனர் நடபைரவி: 2, 1, 2, 2, 1, 2, 2. அதில் நி மட்டும் ஒரு கட்டை ஏறினால் கீரவாணி. நாலரைக் கட்டையை (மூன்று கறுப்புகள் சேர்ந்திருக்கும் இடத்தில் முதல் கறுப்பு, F#) ஸ-வாக வைத்துக் கறுப்புக் கட்டைகளை மட்டும் வாசித்தால் மோகனம். முதல் வாரத்துக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை, ஏனென்றால் எங்கே கை வைத்தாலும் ராகம் கெடாது.

எல்லோருக்கும் தெரிந்த தேசிய கீதத்தை ஒன்றாம் கட்டையில், அதாவது இரட்டைக் கறுப்புக்கு இடது பக்கம் ஒட்டியுள்ள வெள்ளையில், பார்ப்போம். ‘ஜன கண மன’ ஸ, ரி என்று ஏறி க-வுக்கு வந்து அங்கேயே நிற்கிறது. ‘ஜய ஹே’யில் ரி, க தொட்டு ம-வுக்குப் போகிறது. ‘விதாதா’ கீழ் நி, ரி, ஸ. முதலில் ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்று மட்டும் கேளுங்கள். எத்தனை கட்டை என்பது பிறகு.

இடது கைக்கு மூன்று கார்டு (chord, ஒன்றாகச் சேர்த்து அழுத்தும் ஸ்வரங்கள்) போதும்: ஸ-க-ப, ம-த-ஸ, ப-நி-ரி. அழுத்தமாக விழும் ஸ்வரம் எந்தக் கார்டுக்குள் இருக்கிறதோ, அதை வாசித்துப் பாருங்கள். ‘ஹே’ ம-வில் விழுவதால் ம-த-ஸ. ‘விதா’ நி-யும் ரி-யும் என்பதால் ப-நி-ரி, கடைசி ‘தா’வுக்கு மறுபடி ஸ-க-ப. சினிமாப் பாட்டில் சந்தேகம் வந்தால் பேஸ் கிட்டாரைக் கேளுங்கள். கார்டின் அடி ஸ்வரத்தைப் பெரும்பாலும் அதுதான் சொல்லும். போன் ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது, ஹெட்போன் வேண்டும்.

சில பழைய பதிவுகள் எந்தக் கட்டையிலும் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவே நிற்கும். டேப் வேகம் மாறியிருக்கலாம். தவறு உங்கள் காதில் இல்லை. கீபோர்டின் டியூனிங்கைக் கொஞ்சம் ஏற்றியோ இறக்கியோ சேர்த்துக்கொள்ளுங்கள். வேகமான சங்கதிகளை (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களை) யூடியூபில் 0.5 வேகத்தில் கேட்கலாம், சுருதி மாறாது. கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடும்போது, வரும் ஒவ்வொரு ஒலியையும் கட்டையில் தேடாதீர்கள். அது வந்து நிற்கும் ஸ்வரத்தைப் பிடித்து, முந்தைய கட்டையிலிருந்து லேசாகத் தொட்டு வந்தால் போதும்.

தினமும் 20 நிமிடம், ஒரு நேரத்தில் ஒரே பல்லவி. அது வந்ததும் டிரான்ஸ்போஸைத் தொடாமல் அதையே வேறு கட்டைக்கு மாற்றுங்கள். மேஜர் பாட்டு என்றால் ஐந்து கட்டையை (G) ஸ-வாக வைத்தால் நி மட்டும் கறுப்பில் விழும், இரண்டு கட்டையை (D) வைத்தால் க-வும் நி-யும். இந்த இரண்டிலும் தடுமாறாமல் வந்தபின் அடுத்த பாட்டுக்குப் போகலாம்.