தனுஷ்கோடிக்குப் போகிறீர்களா? இறங்கும் முன் பத்து நிமிடம் கடலைப் பாருங்கள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் ஊருணியில் நீச்சல் பழகியவர்கள். ஊருணி நீர் நின்ற இடத்தில் நிற்கும்; கடல் அப்படியல்ல. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

திருவாடானை வழியாகத் தொண்டிக்குப் போனால் நீங்கள் பார்ப்பது ஆழம் குறைந்த பாக் நீரிணை. பெரும்பாலும் அலை அடங்கியே இருக்கும். தனுஷ்கோடியிலோ மறுபுறம் மன்னார் வளைகுடா. மீனவர்கள் இதை ஆண் கடல் என்றும், பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் ஆண் கடல் சீறும். ஆனால் வடகிழக்குப் பருவத்தில் பெண் கடலையும் நம்ப வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியே அழிந்தது.

கரையில் மோதிய நீர் எப்படியும் திரும்பியாக வேண்டும். மணல்திட்டில் பள்ளம் இருந்தால் அந்த வழியே ஒடுங்கிப் பாய்ந்து ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பக்கமும் அலை நுரைத்து உடைய, நடுவில் ஓரிடம் மட்டும் அமைதியாக, கருமையாகத் தெரிந்தால் அதுதான் அந்த வழி. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பலர் இறங்குவதும் அந்த "அமைதியான" இடத்தில்தான்! தயவுசெய்து வேண்டாம்.

சிக்கிவிட்டால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், சோர்ந்துவிடுவீர்கள். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து விலகிய பிறகு கரைக்குத் திரும்புங்கள். முடியவில்லையென்றால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் கூப்பிடுங்கள். கரையில் இருப்பவர்கள் பின்னால் குதிக்காமல், மிதக்கும் பொருள் எதையாவது வீசுங்கள்; மூடிய காலிக் குடிநீர் கேன்கூடப் போதும்.