மே 18இல் வன்னியில் நிற்கப் போகிறவர்களுக்கு: கஞ்சியும் விளக்கும் அயலும்

இலங்கையின் தேசிய நாள் பெப்ரவரி 4. அன்று வன்னியில் கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பாடசாலைகளிலும் கொடி ஏறும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் கறுப்புக் கொடியோடு வீதிக்கு வருவார்கள். அயலட்டை ஒன்றாகக் கூடும் நாள் அதுவல்ல. யாரும் கூப்பிடாமலே ஊர் கூடுகிற நாள் மே 18, 2009இல் போர் முடிந்தபோது முள்ளிவாய்க்காலில் செத்தவர்களை நினைக்கும் நாள்.

வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் முள்ளிவாய்க்கால் நினைவேந்தல் முற்றத்தில் நடக்கும் பொது நிகழ்வை மட்டும் மனதில் வைத்து ரிக்கெற் போடுகிறார்கள். அது ஒரு காலைப்பொழுதோடு முடிந்துவிடும். 12ஆம் திகதி தொடங்கி அந்தக் கிழமை முழுவதும் சந்திகளிலும் கோயில் வாசல்களிலும் தேவாலய வளவுகளிலும் கஞ்சி காய்ச்சிக் கொடுப்பார்கள். சொந்தக்காரரோடும் அயலோடும் சேர்ந்து வேலை செய்ய இடம் கிடைப்பது அங்கேதான். ஆகவே 13ஆம், 14ஆம் திகதிக்குள் ஊருக்கு வந்து சேருங்கள். மே 18 அரச விடுமுறை அல்ல; பள்ளிக்கூடமும் அலுவலகமும் நடக்கும். அதனால் ஊர்க் கஞ்சி விடியவோ பின்னேரமோதான் நடக்கும், பத்து மணிக்கு எழும்பிப் போனால் கிடாரம் (கஞ்சி காய்ச்சும் பெரிய அண்டா) கழுவுகிறவர்களைத்தான் காண்பீர்கள்.

கஞ்சி

போரின் கடைசி மாதங்களில், 2009 ஜனவரி 21இல், சனம் போய் இருப்பதற்கென்று அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரி 12இல் அது புதுமாத்தளன் கரையோரத்துக்கு மாறியது. அதன்பின் சனம் மாத்தளன், அம்பலவன்பொக்கணை, வலைஞர்மடம், இரட்டைவாய்க்கால், முள்ளிவாய்க்கால் என்று கரை வழியே ஒடுங்கிக்கொண்டு போனது. அந்த மாதங்களில் தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் கஞ்சிக் கொட்டில்களில் கிடைத்தது அரிசி, தண்ணீர், உப்பு. கஞ்சிக்கு நின்ற வரிசைகளிலும் எறிகணை விழுந்தது. ஆகவே இந்தக் கஞ்சியைத் திறமாகக் காய்ச்சுவது என்றால் கருகாமல், உப்புக் கூடாமல், எல்லாருக்கும் போதுமானதாகக் காய்ச்சுவது. பயறு, உள்ளி, வெந்தயம் என்று சேர்த்தால் அது வேறு கஞ்சி. தேங்காய்ப்பால் விடுகிற ஊர்களும் உண்டு. அங்கே அவர்களின் வழக்கத்துக்கு விட்டுவிடுங்கள். நீங்களாகச் சேர்க்கச் சொல்லாதீர்கள். வைகாசி வெக்கையில் பால் விட்ட கஞ்சி மத்தியானத்துக்கு முதலே புளித்துவிடும் என்பது இன்னொரு காரணம்.

இருநூறு பேருக்குக் கணக்கு இது: சிவப்புப் பச்சையரிசி 4 கிலோ, தண்ணீர் 48 லீற்றர், உப்பு 250 கிராம். ஒரு கிலோ அரிசிக்கு 12 லீற்றர் தண்ணீர் என்று பிடித்தால் வாயால் குடிக்கக்கூடிய பதம் வரும். பத்து லீற்றருக்குக் கீழே இறங்கினால் ஆறியதும் களியாகிவிடும். ஒரு மணிநேரக் கொதிப்பில் நாலைந்து லீற்றர் ஆவியாகப் போனாலும், சிரட்டைக்கு 200 மில்லிலீற்றர் வீதம் இருநூறு பேருக்குக் கொடுத்து மிச்சமும் இருக்கும். கிடாரம் 65, 70 லீற்றர் கொள்ள வேண்டும். விளிம்பிலிருந்து கொஞ்சம் இடம் விடாவிட்டால் பொங்கி அடுப்பை அணைத்துவிடும்.

முதலில் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் சவர்த் தண்ணீர். அதில் 250 கிராம் உப்புப் போட்டால் யாரும் குடிக்கமாட்டார்கள். 150 கிராமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முடிந்தால் பவுசர் தண்ணீர் எடுப்பது நல்லது, அதை முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும்.

நெருப்பு விடிய 5 மணிக்கு மூட்ட வேண்டும். இவ்வளவு தண்ணீர் விறகடுப்பில் கொதிக்க முக்கால் மணியிலிருந்து ஒரு மணிநேரம் எடுக்கும். பனை மட்டையும் தென்னம் பாளையும் பற்ற வைக்கத்தான் உதவும். நின்று எரிய பாலை, வீரை போன்ற வைரமான விறகு தேவை. வாங்கிய விறகாக இருக்கட்டும், காட்டில் வெட்டப் போய் வனத் திணைக்களத்திடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். மே மாதத்தில் தென்மேற்கிலிருந்து சோளகம் அடிக்கும். அடுப்பின் வாயை அந்தப் பக்கம் திருப்பினால் நெருப்பு கிடாரத்துக்கு வெளியே ஓடும். காற்றுப் பக்கம் இரண்டு தகரத்தை ஊன்றி, வாயை எதிர்ப்பக்கம் வையுங்கள்.

அரிசியைக் கல் நீக்கிக் கழுவி அரைமணிநேரம் ஊறவிட்டு, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகே போட வேண்டும். பச்சைத் தண்ணீரில் அரிசியைப் போட்டு நெருப்பு மூட்டினால் அது அடியில் படிந்து பிடிக்கும். போட்டு முதல் கால்மணிநேரம் துடுப்பை அடியில் முட்ட வைத்துக் கிண்டிக்கொண்டே நிற்க வேண்டும். வேலைக்காரர் கதைக்கப் போவதும் கஞ்சி கருகுவதும் இந்த நேரத்தில்தான். மெல்லிய அலுமினியக் கிடாரம் என்றால் இன்னும் கவனம். தப்பித்தவறி அடிப்பிடித்துவிட்டால் சுரண்டக்கூடாது: நெருப்பை இழுத்து, மேல் கஞ்சியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள். சுரண்டினால் புகை மணம் முழுவதிலும் ஏறும். குறுநல் (உடைந்த) அரிசி சேர்த்தால் கெதியில் வேகும், கெதியில் பிடிக்கவும் செய்யும். கால்பங்குக்கு மேல் வேண்டாம்.

அரிசி மலர்ந்து, அகப்பையில் எடுத்தால் மணியும் கஞ்சியும் பிரியாமல் விழும்போது பதம். உப்பு அதற்குப் பிறகுதான். முதலே போட்டால், வற்ற வற்றக் கரிக்கும். பக்கத்தில் ஒரு சின்னப் பானையில் பத்து லீற்றர் வெந்நீர் வைத்திருங்கள். கொடுக்கக் கொடுக்கக் கஞ்சி இறுகும், அப்போது வெந்நீரால் இளக்கலாம். பச்சைத் தண்ணீர் விட்டு இளக்குவது வயிற்றோட்டத்துக்கு வழி.

சிரட்டைதான் பலரையும் ஏமாற்றுகிறது. ஒரு தேங்காயில் பயன்படுவது கண்ணில்லாத பாதி மட்டும். கண்ணுள்ள பாதியில் ஒரு கண் மெல்லியது, சூட்டுக்கு ஒழுகும். இருநூறு பேருக்கு இருநூறு தேங்காயின் சிரட்டை வேண்டும் என்பதால், உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு மாதத்துக்கு முதலே சொல்லி அயலிலும் சாப்பாட்டுக் கடைகளிலும் சேர்க்க வேண்டும். வெளித்தும்பைச் சுரண்டி, ஒரு இரவு ஊறவிட்டு, மணல் போட்டு உள்ளே தேய்த்து, வெயிலில் காயவைத்தால் தேங்காய் நெடி போகும். சேராவிட்டால் பரவாயில்லை, கோயிலிலோ சனசமூக நிலையத்திலோ எவர்சில்வர் பேணிகள் இருக்கும். ரெஜிபோம் கோப்பை மட்டும் வேண்டாம்.

பரிமாறும்போது வயதானவர்களும் பிள்ளைகளும் முதலில். வீதியால் போகிற பஸ்ஸை மறித்து உள்ளே கொடுப்பதும் வழக்கம். அதை ஊர்ப் பொடியங்களிடம் விடுங்கள், எந்த பஸ்காரர் நிற்பார் என்று அவர்களுக்குத் தெரியும். நீங்கள் செய்யக்கூடிய வேலை துடுப்புப் பிடிப்பது, தண்ணீர் அள்ளுவது, கடைசியில் கிடாரம் கழுவுவது. அகப்பையை வாங்கிக்கொண்டு படத்துக்கு நிற்கிற வெளிநாட்டுக்காரரை எல்லா ஊரும் கண்டிருக்கிறது.

காசும் பெயரும்

நாலு கிலோ அரிசியும் உப்பும் விறகும் பெரிய செலவில்லை. ஊருக்கு இதைச் செய்ய உங்கள் காசு தேவையில்லை என்பதை மனதில் வையுங்கள். பெருந்தொகை கொடுத்தால் ஒரே சந்தியில் இரண்டு கிடாரம் வைக்கிற போட்டிதான் வரும். ஒரு மூடை அரிசி போதும். கொஞ்சம் கூடக் கொடுக்க விருப்பமென்றால் தடித்த அடியுள்ள கிடாரம் ஒன்றைச் சனசமூக நிலையத்துக்கோ மாதர் சங்கத்துக்கோ வாங்கிக் கொடுங்கள். செத்தவீடு, கோயில் அன்னதானம் என்று வருடம் முழுவதும் பாவிப்பார்கள். வெளிநாட்டு அமைப்பின் பெயரில் பணமோ பனரோ கொண்டுவராதீர்கள். அரசின் தடைப்பட்டியலில் அமைப்புகள் சேர்வதும் நீங்குவதும் காலத்துக்குக் காலம் நடக்கிறது, அதில் சிக்குவது பணத்தை வாங்கிய உள்ளூர்க்காரர்.

பொலிசோடு கதைப்பதும் உங்கள் வேலையல்ல. சில வருடங்களில் பொலிசார் நீதவான் நீதிமன்றத்தில் தடையுத்தரவு எடுப்பார்கள். 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைக் கைதுசெய்ததும் நடந்தது. வன்னியில் அதே வருடம் கஞ்சி பரவலாகக் கொடுக்கப்பட்டது. அதாவது ஊருக்கு ஊர், வருடத்துக்கு வருடம் மாறும். உத்தரவு வந்தால் அதில் யாருடைய பெயர் இருக்கிறது, எது தடுக்கப்பட்டிருக்கிறது என்று ஏற்பாட்டாளர்களும் அவர்களின் சட்டத்தரணியும் பார்ப்பார்கள். விடுதலைப் புலிகள் அமைப்பு தடைசெய்யப்பட்டது. அதன் கொடி, சின்னம், படம் பொறித்த ரீசேட், தொப்பி, கீ டாக் எதுவும் உங்கள் பெட்டியில் இருக்கக்கூடாது. முகநூல் பதிவுகளுக்காகவும் கைதுகள் நடந்திருக்கின்றன.

நேரலை போடுவதுதான் இன்றைக்குப் பெரிய கரைச்சல். நீங்கள் திரும்பிப் போன பிறகு, படத்தில் இருக்கிற மச்சாளின் வீட்டுக்குத்தான் ஆக்கள் விசாரிக்க வருவார்கள். முன்னாள் போராளியாக இருந்து அரசின் புனர்வாழ்வு பெற்று வந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் இன்னும் கூட. கிடாரத்தையும் கைகளையும் எடுங்கள், முகங்களை விடுங்கள். ட்ரோன் பறக்க விட சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும்.

வீட்டில்

ஒரே வளவில் இரண்டு விதமான துக்கம் இருக்கும். செத்தவர்களைக் கண்ணால் கண்டு புதைத்தவர்கள் படத்துக்கு முன்னால் விளக்கு வைப்பார்கள். இராணுவத்திடம் கையளித்த பிள்ளைக்காகக் காத்திருப்பவர்கள் வைக்கமாட்டார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20இலும் முல்லைத்தீவில் அதே வருடம் மார்ச் 8இலும் தொடங்கிய போராட்டங்கள் அந்தத் தாய்மாருடையவை. நீங்கள் பாசத்தில் பெயர்ப் பட்டியல் எழுதி, எல்லாருக்கும் ஒவ்வொரு சிட்டி விளக்கு என்று ஏற்றினால், அவர்களின் பிள்ளையைச் செத்த கணக்கில் சேர்த்ததாகிவிடும். “பெரியம்மா, விளக்கு வைக்கிறதோ?” என்று வீட்டில் மூத்தவரிடம் ஒரு முறை கேளுங்கள். அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் வைக்க வேண்டாம். எப்படிச் செத்தார், எங்கே விழுந்தார் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். கதைக்க விருப்பமென்றால் அவர்களே கதைப்பார்கள், பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, கறன்ற் நின்ற நேரத்தில். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை விமானத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அன்று பல வீடுகளில் மச்சம் (மீன், இறைச்சி) காய்ச்சமாட்டார்கள். உங்களை வரவேற்கச் சமைத்துவிடுவார்களோ என்று தோன்றினால் முதல்நாளே மரக்கறி போதும் என்று சொல்லுங்கள். பாட்டுப் போடும் வான், பட்டாசுப் பிறந்தநாள், புதுவீட்டுக் குடிபூரல் எதையும் அந்தக் கிழமைக்கு வைக்காதீர்கள்.

முற்றத்துக்குப் போவது

முள்ளிவாய்க்கால் கிழக்கில் உள்ள முற்றத்துக்கு ஏ9 வீதியிலிருந்து இரண்டு வழி. பரந்தனில் திரும்பி ஏ35 வீதியால் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று வந்தால் வட்டுவாகலுக்கு முதலே முற்றம் வந்துவிடும். மாங்குளத்தில் திரும்பி ஏ34 வீதியால் ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு என்று வந்தால் வட்டுவாகல் பாலத்தைக் கடக்க வேண்டும். பழைய பாலம் ஒடுக்கமானது, ஒரு வாகனம்தான் போகும், வெள்ளத்தில் அடிபட்டதும் கூட. எந்த வழி திறந்திருக்கிறது என்று முதல்நாள் ஊரில் கேட்டு வெளிக்கிடுங்கள்.

பத்தரை மணியை அண்டிப் பொதுச்சுடர் ஏற்றப்படுவது வழக்கம். எட்டரைக்குள் போய்விட்டால் வயதானவர்களுக்கு நிழல் கிடைக்கும். மணல் ஒன்பது மணிக்கே சுடும், செருப்பைக் கழற்றி நிற்க நேரும் என்பதால் ஒரு ஈரத் துவாயை விரிக்கக் கொண்டுபோங்கள். குடை, ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், பிறஷர் குளிசை. வெள்ளை அல்லது மங்கல் நிறத்தில் உடுப்பு.

ஏற்பாட்டாளர்கள் வரிசையாக விளக்குகள் வைத்திருந்தாலும் சொந்தச் சிட்டி ஒன்றோடு போவது நல்லது. கடற்காற்றுக்கு ஒற்றை நூல் திரி நிற்காது. பழைய வேட்டித் துணியைச் சின்னவிரல் மொத்தத்துக்குத் திரித்து, முதல்நாளே தேங்காயெண்ணெயில் ஊறவிட்டு, நுனியில் கற்பூரத் தூளைப் பிசைந்து வையுங்கள். சிட்டியை விளிம்புவரை மணலில் புதைத்து, காற்றுப் பக்கம் கையால் ஒரு வரம்பு அணைத்தால் நிற்கும். கெதியாகப் பற்றட்டும் என்று மண்ணெண்ணெய் கலப்பவர்கள் உண்டு. பக்கத்தில் நிற்கிறவரின் சேலை அதற்கு விலை.

பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்காதீர்கள். மண்டையோடு கீறிய சிவப்புப் பலகை கண்ணில் படாவிட்டாலும் கூட. மண்ணில் எலும்போ உடுப்போ தெரிந்தால் தொடாமல், படம் எடுத்துப் போடாமல், கிராம சேவையாளரிடம் சொல்லுங்கள். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய்க்குக் கிடங்கு வெட்டியபோது தெரிந்த எச்சங்கள் நீதிமன்ற உத்தரவோடு தோண்டப்பட்டவை. கை வைத்துக் குழப்பினால் அந்தச் சாட்சியம் போய்விடும்.

அடுத்தநாள் 19ஆம் திகதி அரசு படையினரை நினைவுகூரும் நாள். ஏ9 வீதியில் சோதனை கூடலாம், கொழும்புக்கு இறங்குகிறவர்கள் 20ஆம் திகதியை எடுப்பது சுகம். வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்கட்கிழமை வரும். 2024இல் அது மே 20. அப்படிக் கிட்டக் கிட்ட வருகிற வருடங்களில் முல்லைத்தீவு, முள்ளியவளைப் பக்கம் வானும் அறையும் கிடைக்காது. பொங்கல் திகதியைக் கோயிலில் கேட்டு அறிந்த பிறகு ரிக்கெற் போடுங்கள்.