முதல் டிரையத்லானுக்கு வெட்சூட் வாங்குமுன்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து முடிக்க வேண்டிய டிரையத்லான் போட்டிக்குச் சென்னையில் பயிற்சியைத் தொடங்குகிறவர், சைக்கிளை வாங்கி முடித்த கையோடு விலை விசாரிக்கத் தொடங்கும் பொருள், குளிர்ந்த நீரில் நீந்த உடலோடு ஒட்டி அணியும் ரப்பர் உடையான வெட்சூட். அதைச் சிக்கனமாக வாங்குவது எப்படி என்று பார்ப்பதற்கு முன், அது உங்களுக்கு வேண்டுமா என்பதைத் தீர்மானித்துக்கொள்வது நல்லது. பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

இதை முடிவு செய்வது நீரின் வெப்பநிலை. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவுப் போட்டியாளர்கள் (தொழில்முறை அல்லாதவர்கள்) 1500 மீட்டர் வரையிலான நீச்சலில், நீர் 22 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்தால் வெட்சூட் அணியக் கூடாது. அயர்ன்மேன் என்ற நீண்ட தூர டிரையத்லான் போட்டிகளில் இப்பிரிவினருக்கு 24.5 டிகிரி வரை தடையில்லை. அதற்கு மேல் 28.8 வரை அணிந்து நீந்துகிறவருக்குப் பரிசு கிடையாது. அதையும் தாண்டினால் யாருக்கும் அனுமதியில்லை. கோவளத்திலோ நீலாங்கரையிலோ ஜனவரி விடியலில்கூடக் கடல் நீர் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. எனவே நம் கடற்கரைகளில் நடக்கும் போட்டிகளுக்கு, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே உடையில் முடிக்க உதவும் டிரைசூட் ஒன்றே போதும். பயிற்சியின்போது வெயிலும், மீனவர்கள் சொறி என்று அழைக்கும் ஜெல்லி மீனும் தொல்லை தருமானால், ரேஷ்கார்டு எனப்படும் மெல்லிய முழுக்கை நீச்சல் சட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளலாம்.

நியூசிலாந்தின் ஏரிகளிலோ பிரிட்டன் கடலிலோ முதல் போட்டியை வைத்துக்கொண்டிருப்பவருக்கே வெட்சூட் அவசியம். போட்டி நடக்கும் ஊரில் வாடகைக்குக் கிடைக்குமா என்று அவர் முதலில் விசாரிக்க வேண்டும். ஒரே ஒரு போட்டிக்கு அதைவிட மலிவான வழி இல்லை. வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால், இரண்டு வகைகளைக் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது முக்கியம். நான் குழப்பிக்கொண்டேன். பாதி விலைக்கு வந்ததே என்று, ஸ்கூபா டைவிங்குக்கான பழைய வெட்சூட் ஒன்றை வாங்கி, அதிகாலையில் கோவளத்தில் போட்டுப் பார்த்தேன். இருநூறு மீட்டர் போவதற்குள், ஒவ்வொரு முறை கையை வீசும்போதும் யாரோ தோளைப் பின்னால் பிடித்து இழுப்பது போலிருந்தது. டைவிங் உடையும் சர்ஃபிங் உடையும் பொதுவாக வெளிப்பக்கம் துணி ஒட்டப்பட்டவை. நீச்சலுக்கான உடையின் வெளிப்பக்கம் பெரும்பாலும் வழவழப்பான ரப்பராக இருக்கும். தோளிலும் அக்குளிலும் மெல்லிதாகவும், மார்பிலும் தொடையிலும் தடிமனாகவும் அமைந்திருக்கும். நியோப்ரீன் என்ற இந்தச் செயற்கை ரப்பருக்குள் அடைபட்ட நுண்ணிய வாயுக் குமிழ்களே குளிரைத் தடுக்கின்றன, கால்களையும் மிதக்க வைக்கின்றன. ஆனாலும் 5 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருந்தால் போட்டியில் ஏற்க மாட்டார்கள்.

விலையைக் குறைக்க நல்ல வழி, கையில்லாத மாடலைப் பார்ப்பது. அக்குள் வழியாகக் கொஞ்சம் நீர் புகும் என்றாலும், தோள் தாராளமாக அசையும். கடுங்குளிரில்லாத நீருக்கு அதுவே போதும். முந்தைய ஆண்டு மாடல்கள் தள்ளுபடிக்கு வரும்போது வாங்குவதும் புத்திசாலித்தனம், ஏனென்றால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் நிறக்கோடுகளே மாறியிருக்கும். வெளிநாட்டிலிருந்து கூரியரில் வரவழைத்தால் சுங்க வரியையும் கூட்டிப் பாருங்கள். அளவு பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பும் செலவு தனி.

பிராண்டைவிட அளவு முக்கியம். உயரத்தையும் எடையையும் மார்புச் சுற்றளவையும் அந்த நிறுவனத்தின் அளவுப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். சட்டை அளவை வைத்து ஊகிக்கக் கூடாது. போட்டுப் பார்க்கும்போது, ஏசி அறையில் நகங்களை வெட்டிக்கொண்டு, பாதத்தில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு காலை நுழையுங்கள். மே மாத மதியத்தில் மின்விசிறிக்குக் கீழே இதை முயன்றால், வியர்வையில் ரப்பர் முழங்காலோடு நின்றுவிடும். விரல் நுனியால் கிள்ளாமல், உள்ளங்கையால் சிறிது சிறிதாக இடுப்புவரை நன்றாக மேலேற்றிய பிறகே கைகளை நுழைக்க வேண்டும். கையை உயர்த்தும்போது தோள் இழுத்தால், உடை சிறியது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரங்களில் கால்பகுதி போதிய அளவு மேலே வந்திருக்காது. தரையில் இறுக்கமாகத் தோன்றுவது இயல்பே. ஆனால் முழு மூச்சு இழுக்க முடியவில்லை என்றாலோ, கழுத்து நெரிபட்டாலோ, எவ்வளவு மலிவானாலும் அதை விட்டுவிடுங்கள். முதுகின் கீழ்ப்பகுதியில் பை போலத் தொங்கினால், அங்கே நீர் தேங்கும்.

பழைய உடை வாங்குவதானால், வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மார்புப் பகுதியை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல்நகத்தால் விழுந்த பிறைவடிவக் கீறலை நியோப்ரீன் பசையால் ஒட்டிவிடலாம். கழுத்துப் பட்டை வெடித்துக் காய்ந்திருந்தாலோ, தையல் வழியே வெளிச்சம் தெரிந்தாலோ வாங்கக் கூடாது. முதுகு ஜிப்பைக் கயிற்றைப் பிடித்து நீங்களே தனியாக இறக்கிப் பார்க்கவும் வேண்டும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னதாகவே அந்த ஊருக்குப் போய், துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, அதே நீரில் பதினைந்து நிமிடமாவது நீந்துங்கள். குளிர்ந்த நீர் முகத்தில் படும்போது மூச்சு திணறுவதை இங்கே எந்தக் குளத்திலும் பழக முடியாது. உரசலுக்காகக் கழுத்தில் வாஸ்லின் தடவுவதைத் தவிருங்கள். பெட்ரோலியப் பொருள் நியோப்ரீனைக் கெடுக்கும். திரும்பிய பிறகு நல்ல தண்ணீரில் அலசி, உட்புறத்தை வெளியே திருப்பி, தடித்த ஹேங்கரில் இடுப்போடு மடித்து நிழலில் போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டால் ரப்பர் சீக்கிரம் வெடித்துவிடும்.