ஒன்பது துளைப் பிளக்கும் என் மடிக்கணினியும்

போன பொங்கலுக்குப் பரணைச் சுத்தம் செய்தபோது, 1990களின் இறுதியில் அக்காவும் நானும் டிவியில் இணைத்து விளையாடிய எட்டு பிட் வீடியோ கேம் கிடைத்தது. பெட்டி செத்துப்போயிருந்தது. கன்ட்ரோலர்கள் இரண்டும் நன்றாகவே இருந்தன. ஒன்றில் ‘ஏ’ என்ற எழுத்து அக்காவின் கட்டைவிரல் பட்டுப் பட்டு அழிந்திருந்தது. இன்று அவை என் மடிக்கணினியில் வேலை செய்கின்றன. உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இந்தக் கன்ட்ரோலரின் ஒயர் முனையில் ஒன்பது துளைப் பிளக் இருக்கும்; பழைய மேசைக் கணினியின் பின்பக்கம் உள்ள ஒன்பது ஊசி சீரியல் போர்ட்டில் அது கச்சிதமாகப் பொருந்தும். பொருத்திவிடாதீர்கள்! கன்ட்ரோலருக்குத் தேவை 5 வோல்ட்தான். அந்தப் போர்ட்டில் நேராகவும் எதிராகவும் 12 வோல்ட் வரை வரும். உள்ளே இருக்கும் சிப் கருகிவிடும்.

வாங்க வேண்டியவை இரண்டே. ஒன்று, நாமே நிரல் எழுதி ஏற்றக்கூடிய சின்னப் பலகையான ஆர்டுயினோ புரோ மைக்ரோ, 5 வோல்ட் வகை. அதில் உள்ள ஏடிமெகா32யு4 சிப் யுஎஸ்பி வழியாகத் தன்னை ஒரு விசைப்பலகையாகக் கணினிக்குக் காட்டிக்கொள்ளும். ஆர்டுயினோவின் ஊனோ ஆர்3 பலகையின் முதன்மைச் சிப்புக்கு அந்தத் திறன் இல்லை, அதை வாங்காதீர்கள். மற்றொன்று, ஒன்பது ஊசி உள்ள ஆண் கனெக்டர். நான் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். கனெக்டர் இருந்தால் கன்ட்ரோலரின் ஒயரை வெட்ட வேண்டியதில்லை. வெட்டவே கூடாது என்பது என் பிடிவாதம்.

ஒன்பது துளை இருந்தாலும் உள்ளே வருவது ஐந்து ஒயர்தான். பெரும்பாலும் 2ஆம் துளை டேட்டா (பட்டன் நிலை வரும் ஒயர்), 3 லாட்ச் (நிலையைப் பதியச் சொல்வது), 4 கிளாக் (அடுத்த பட்டனுக்கு நகர்த்துவது), 6 ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் ஒயர்). ஆனால் ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள்; கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கன்ட்ரோலரின் திருகுகளைக் கழற்றிப் பாருங்கள். எல்லாப் பட்டன்களுக்கும் பொதுவாக ஓடும் செம்புத் தடம்தான் கிரவுண்ட். மல்டிமீட்டரின் ஒரு முனையை அதில் வைத்து, மறு முனையால் பிளக்கின் துளைகளைத் தொட்டால் ‘பீப்’ வரும் துளை தெரிந்துவிடும். 4021 என்று எழுதிய 16 கால் சிப் இருந்தால் இன்னும் எளிது: 16ஆம் கால் ஐந்து வோல்ட், 8 கிரவுண்ட், 3 டேட்டா, 9 லாட்ச், 10 கிளாக். என்னுடையதில் சிப்புக்குப் பதில் கறுப்புத் தார்ப்பொட்டு போன்ற ஒன்றுதான் இருந்தது. மின்சாரம் தரும் இரண்டு ஒயர்களையும் உறுதிசெய்யாமல் இணைக்காதீர்கள். அவை மாறினால் சிப் போய்விடும்.

திறந்ததுதான் திறந்தீர்கள், பட்டன்களுக்கு அடியில் உள்ள ரப்பரின் கரிப்பொட்டுகளையும் பலகையின் தடங்களையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். அழுத்தியும் வேலை செய்யாத பட்டன் பல நேரம் இதிலேயே சரியாகிவிடும்.

ஒயர்களைப் பலகையின் கால்களில் சேர்த்தாயிற்று என்றால், இனி பலகையில் ஏற்ற வேண்டிய நிரல். லாட்ச் ஒயரை 12 மைக்ரோ விநாடி உயர்த்தி இறக்கினால், அந்தக் கணத்தில் எட்டுப் பட்டன்களும் இருந்த நிலை சிப்பில் பதிவாகிவிடும். பிறகு கிளாக் ஒயரில் ஒவ்வொரு துடிப்பாகக் கொடுத்து, டேட்டா ஒயரில் ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும்: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடம், வலம். பூஜ்யம் வந்தால் பட்டன் அழுத்தப்பட்டிருக்கிறது என்று பொருள். இங்கேதான் நான் ஒரு மாலை முழுவதையும் இழந்தேன். பி அழுத்தினால் ஏ என்றது, ஸ்டார்ட் அழுத்தினால் செலக்ட் என்றது. லாட்ச் இறங்கியதுமே முதல் பட்டனின் நிலை டேட்டா ஒயரில் தயாராக நிற்கும். நானோ கிளாக் துடிப்பை முதலில் கொடுத்துவிட்டுப் படித்தேன். முதலில் படிக்க வேண்டும், பிறகே கிளாக். பலகையில் டேட்டா ஒயர் சேரும் காலுக்கு உள் புல்-அப் (ஒயர் இல்லாதபோது காலை உயர்ந்த நிலையில் வைக்கும் அமைப்பு) போட்டுவிட்டால், கன்ட்ரோலரைக் கழற்றினாலும் பட்டன்கள் தாமாக அழுந்தாது. டர்போ பட்டன்களுக்குத் தனி வேலை எதுவும் தேவையில்லை. ஏ, பி பட்டன்களை வேகமாகத் தட்டியதாகவே அவை வந்து சேரும்.

படித்த நிலையை அம்புக்குறி விசைகளாகவும் எழுத்துகளாகவும் அனுப்ப ஆர்டுயினோவின் கீபோர்ட் நூலகம் (ஏற்கெனவே எழுதிவைத்த நிரல் தொகுப்பு) போதும். நோட்பேடைத் திறந்து பட்டன்களை அழுத்திப் பார்த்தாலே சோதனை முடிந்தது.

இரண்டாவது கன்ட்ரோலருக்கு இன்னொரு பலகை வேண்டாம். லாட்ச், கிளாக், மின்சாரம் மூன்றையும் பகிர்ந்துகொண்டு டேட்டா ஒயரை மட்டும் வேறு காலில் சேர்த்தால் போதும். கோடை விடுமுறைக்கு அக்கா வருகிறாள்; ‘ஏ’ அழிந்த கன்ட்ரோலரை அவளுக்காக முதல் கனெக்டரில் மாட்டி வைத்திருக்கிறேன்.